ஏட்டில் மட்டும் இருக்கும் பேக்கப்

கேள்வி: வணக்கம் சார். புதுச்சேரியில் ஒரு ஸ்கேன் சென்டரில் கம்ப்யூட்டர் வேலை எல்லாவற்றையும் நான் ஒருத்திதான் பார்க்கிறேன். சிடி, எம்ஆர்ஐ படங்கள் 3 டிபி அளவுக்கு இருக்கின்றன. பத்து மாதத்துக்கு முன்னால் ஒரு உபுண்டு சர்வரில் பாக்குலா என்ற பேக்கப் மென்பொருளும், அதன் டேட்டாபேஸுக்குப் போஸ்ட்கிரெஸும் போட்டேன். ஞாயிறுதோறும் ஃபுல் பேக்கப், மற்ற நாட்களில் இன்க்ரிமென்டல், அதாவது மாறியது மட்டும். பேக்கப் எல்லாம் நெட்வொர்க்கில் இருக்கும் 16 டிபி நாஸ் சேமிப்புப் பெட்டிக்குப் போகிறது. சர்வருக்குள் இருப்பது 120 ஜிபி எஸ்எஸ்டி. அதில் டேட்டாபேஸ் மட்டும் 71 ஜிபி ஆகிவிட்டது. இன்னும் 7 ஜிபிதான் மிச்சம். டேட்டாபேஸைச் சுருக்கும் வேக்கம் ஃபுல் கட்டளையைப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் ஒரு நண்பர். போடலாமா, இல்லை பெரிய எஸ்எஸ்டி வேண்டும் என்று எம்.டி.யிடம் கேட்கட்டுமா? பேக்கப் நகலைக் கடலூர் கிளைக்கு அனுப்பலாமா? திரையில் தெரிந்தவற்றைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். டாக்டர் ஐந்து வருஷம் ஸ்கேன் இருக்க வேண்டும் என்று சொன்னதால் ரிடென்ஷன் (வைத்திருக்கும் காலம்) எல்லாவற்றிலும் ஐந்து வருஷம் போட்டிருக்கிறேன். நாஸ் நிறையும்போது பேக்கப் எழுதப்பட்ட பழைய வால்யூம் ஃபைல்களை நானே அழித்துவிடுகிறேன். என் பெயர் வேண்டாம்.

பதில்: வணக்கம் அம்மா. இன்றைக்கு வேக்கம் ஃபுல் வேண்டாம். எஸ்எஸ்டிக்கும் இப்போதைக்கு அலைய வேண்டாம். கேள்விக்கான விடையை உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரியிலேயே எழுதிவிட்டீர்கள். அதற்கு வருகிறேன். முதலில், 7 ஜிபியை வைத்துக்கொண்டு நீங்கள் இந்த ஞாயிற்றுக்கிழமையைத் தாண்ட வேண்டும்.

பாக்குலாவைப் போடும்போது கூடவே வரும் மாதிரி அமைப்பில், தினமும் கேடலாக்கையே, அதாவது எந்த ஃபைல் எந்த வால்யூமில் என்று எழுதிவைக்கும் அந்த டேட்டாபேஸையே, ஒருமுறை பேக்கப் எடுக்கும் வேலை ஒன்று இருக்கும். அது டேட்டாபேஸ் முழுவதையும் ஒரே ஃபைலாக இறக்கி, பேக்கப் எடுத்து, முடிந்ததும் அந்த ஃபைலை அழிக்கும். வேலை நல்லபடியாக முடிந்தால்தான் அழிக்கும். பாதியில் நின்றுபோனால் ஃபைல் அப்படியே உட்கார்ந்திருக்கும். நீங்கள் அனுப்பிய வேலைப் பட்டியல் படத்தில் கேடலாக் பேக்கப்புக்கு நேரே கடந்த ஆறு நாளும் பிழை என்று இருக்கிறது. உபுண்டுவில் அந்த ஃபைல் வார் என்ற அடைவுக்குள் லிப், அதற்குள் பாக்குலா என்ற இடத்தில் இருக்கும். 71 ஜிபி டேட்டாபேஸ், ஏதோ 14 ஜிபி உபுண்டு, 7 ஜிபி காலி இடம் என்று கூட்டினால் 92தான் வருகிறது. மீதி 28 ஜிபி எங்கே என்று கேட்டால், என் சந்தேகம் அங்கேதான். பார்த்துவிட்டு அழிக்காதீர்கள், நாஸுக்கு நகர்த்துங்கள். அடுத்து செய்யப்போகும் வேலைக்கு முன்னால் கையில் ஒரு நகல் இருப்பது நல்லது. அதன் தேதி பழையதாக இருந்தால் புதிதாக ஒன்று, நேராக நாஸிலேயே இறக்கிக்கொள்ளுங்கள்.

இடம் தேடும்போது ஒரு எச்சரிக்கை. போஸ்ட்கிரெஸ் அடைவுக்குள் பிஜி வால் என்று ஒன்று இருக்கும், ஒவ்வொன்றும் 16 எம்பியாக வரிசையாக ஃபைல்கள். அதில் கை வைக்கக்கூடாது. அதற்குப் பழைய பெயர் பிஜி எக்ஸ்லாக். பெயரில் லாக் என்று இருந்ததால் வெறும் பதிவு ஃபைல்கள்தானே என்று உலகம் முழுக்கப் பலர் அழித்து டேட்டாபேஸையே இழந்தார்கள். அந்தத் தொல்லை தாங்காமல்தான் 2017-இல் வந்த பத்தாம் பதிப்பில் பெயரையே மாற்றினார்கள்.

சரி, 71 ஜிபி எங்கிருந்து வந்தது?

பேக்கப் சர்வர் டேட்டாபேஸைப் பற்றி யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை ஃபைல் என்பதுதான். எத்தனை டிபி என்று கேட்பதே இல்லை. 3 டிபி ஒரே ஃபைலாக இருந்தால் கேடலாக்கில் அதற்கு ஒரு வரி. அதுவே அரை எம்பி ஃபைல்களாக இருந்தால் 60 லட்சம் வரி. உங்களுடையது இரண்டாவது ரகம். சிடி ஸ்கேனின் ஒரு வெட்டுப் படம் 512-க்கு 512 புள்ளி, புள்ளிக்கு இரண்டு பைட், ஆக மொத்தம் அரை எம்பி. ஒருவருக்கு வயிற்றுப் பகுதி சிடி எடுத்தாலே பல நூறு வெட்டு வந்துவிடும். பெரும்பாலான கருவிகள் ஒவ்வொரு வெட்டையும் டைகாம் என்ற மருத்துவப் பட வடிவத்தில் தனி ஃபைலாகத்தான் எழுதும். ஜவுளிக்கடையிலோ தணிக்கையாளர் அலுவலகத்திலோ பாக்குலா போட்டால் பத்து வருஷம் ஆனாலும் இப்படி ஊதாது.

ஒரு வரி எவ்வளவு இடம் எடுக்கும்? ஃபைல் பெயர், எந்த அடைவு, எந்த வேலையில் எடுத்தது, தேதி, அளவு, உரிமையாளர், சரிபார்ப்பு எண் எல்லாம் அதில் இருக்கும். டைகாம் ஃபைல்களின் பெயர் வேறு சாதாரணமாக இருக்காது. 1.2.840 என்று ஆரம்பித்துப் புள்ளியும் எண்ணுமாக நீண்டுகொண்டே போகும். அந்த அடையாள எண்ணுக்கு 64 எழுத்து வரை இடம் உண்டு. உங்கள் படத்தில் தெரிந்த பெயர்கள் கிட்டத்தட்ட அந்த எல்லையிலேயே இருந்தன. தேடுவதற்கான இன்டெக்ஸையும் சேர்த்து வரிக்கு 300 பைட் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். 60 லட்சம் வரிக்கு 1.8 ஜிபி. அதாவது ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் ஃபுல் எடுக்கும்போது, படங்களில் ஒரு புள்ளிகூட மாறாவிட்டாலும், டேட்டாபேஸில் 1.8 ஜிபி ஏறும். பத்து மாதத்துக்கு 43 ஞாயிறு. ஆரம்பத்தில் படங்கள் கொஞ்சம் குறைவாக இருந்திருக்கும், கூடவே தினசரி இன்க்ரிமென்டல். கணக்கு 71-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. ஆக டேட்டாபேஸில் கோளாறு ஒன்றும் இல்லை. சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது.

இப்போது அந்த இரண்டு வரிக்கு வருவோம்.

நீங்கள் அனுப்பிய படங்களில் ஒன்று, பாக்குலாவுக்குக் கட்டளை கொடுக்கும் பிகன்சோலில் எடுத்த வால்யூம் பட்டியல். கடைசி வால்யூம் எண் 2,412. இன்னொன்று நாஸில் எடுத்த ஃபைல் பட்டியல். அடியில் மொத்தம் 263 என்று இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 2,149 வால்யூம்கள் பாக்குலாவின் ஏட்டில் இருக்கின்றன, பெட்டியில் இல்லை. கிட்டங்கியில் மூட்டையை இறக்கியவர்கள் பேரேட்டில் வரி எழுதினார்கள். மூட்டையை வெளியே தூக்கியவர் பேரேட்டைத் தொடவில்லை. நீங்கள் நாஸில் போய் வால்யூம் ஃபைலை அழித்தது பாக்குலாவுக்குத் தெரியாது. பழைய வால்யூமைத் திறக்கும் தேவை வரும்வரை அது திரும்பிப் பார்க்காது. உங்கள் பூலில் (வால்யூம்களின் தொகுப்பு) வால்யூம் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லாததால், புது ஃபைல் தொடங்கி எழுதிக்கொண்டே போகிறது. ஐந்து வருஷம் என்று போட்டிருப்பதால் பழைய வரிகளை அதுவாக நீக்கவும் நீக்காது.

இதில் டேட்டாபேஸ் வளர்வது சின்ன விஷயம். எனக்குக் கவலை வேறு. இன்று ஒரு டாக்டர் வந்து, ஆறு மாதம் முன்பு எடுத்த ஸ்கேன் சர்வரில் காணவில்லை, பேக்கப்பிலிருந்து எடுத்துக் கொடுங்கள் என்று கேட்கிறார் என்று வையுங்கள். பிகன்சோலில் ரெஸ்டோர் போட்டு அந்தத் தேதியைக் கொடுத்தால் அடைவுகள் அழகாகத் தெரியும். நோயாளியின் அடைவு இருக்கும். உள்ளே 640 ஃபைலும் பெயரோடு இருக்கும். குறித்துக்கொண்டு ஓகே கொடுப்பீர்கள். அப்புறம் எண் 900 சொச்சம் வால்யூமைக் கொண்டுவா என்று கேட்டுக்கொண்டு நிற்கும். அது மார்ச்சிலேயே போய்விட்டது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இதுதான். உங்களிடம் இருப்பது ஐந்து வருஷ பேக்கப் இல்லை, நான்கு வார பேக்கப். ஐந்து வருஷத்துக்கு இருப்பது அட்டவணை மட்டுமே. இதை எம்.டி.யிடம் முதலில் சொல்லிவிடுங்கள். நாளைக்கு அவராகக் கண்டுபிடித்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

பாக்குலாவில் மூன்று ரிடென்ஷன் உண்டு, மூன்றும் வெவ்வேறு. ஃபைல் ரிடென்ஷன் என்பது தனித்தனி ஃபைலின் வரி எத்தனை நாள் இருக்கும் என்பது. ஜாப் ரிடென்ஷன் என்பது அந்த வேலை நடந்தது என்ற குறிப்புக்கு. வால்யூம் ரிடென்ஷன்தான் பேக்கப் இருக்கும் வால்யூமை எப்போது மறுபடி எழுதலாம் என்று சொல்வது. எதுவும் டிஸ்கில் இடம் உண்டாக்கித் தராது, நீங்கள் கையால் அழிப்பதைத் தடுக்கவும் செய்யாது. மாதிரி அமைப்பில் ஃபைலுக்கு 60 நாள், ஜாபுக்கு ஆறு மாதம் என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஃபைல் வரி போனாலும் வால்யூம் இருந்தால் அந்த வேலையை மொத்தமாக மீட்கலாம். ஒரு நோயாளியின் அடைவை மட்டும் பொறுக்கி எடுக்கத்தான் முடியாது.

இனி சுத்தம் செய்வது. ஞாயிறு ஃபுல் முடிந்த பிறகு, திங்கள் பகலில் உட்காருங்கள். பிகன்சோலின் வால்யூம் பெயர்களை ஒரு ஃபைலில் வரிசைப்படுத்தி எடுங்கள், நாஸில் இருப்பவற்றை இன்னொன்றில். முதலில் இருந்து இரண்டாவதில் இல்லாதவைதான் நீக்க வேண்டியவை. இதைச் செய்வதற்கு முன்னால் நாஸ் உண்மையிலேயே மவுண்ட் ஆகியிருக்கிறதா, அதாவது சர்வரோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். மவுண்ட் ஆகாமல் இருந்தால் அடைவு காலியாகத் தெரியும், பட்டியலில் 2,412-ம் இல்லாதவை என்று வரும், நல்ல நான்கு வாரத்தையும் ஏட்டிலிருந்து கழுவிவிடுவீர்கள். நீக்கும் எண்ணிக்கை 2,149-ஐ ஒட்டி வருகிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

நீக்குவதற்கு பிகன்சோலின் டெலீட் வால்யூம் கட்டளை. அது வால்யூமின் குறிப்பையும், அதில் எழுதப்பட்ட வேலைகளையும், அவற்றின் ஃபைல் வரிகளையும் சேர்த்தே கேடலாக்கிலிருந்து எடுத்துவிடும். நாஸில் எதையும் தொடாது. பாக்குலா கையேடே இந்தக் கட்டளையை ஆபத்தானது என்றுதான் சொல்கிறது. தொடங்குமுன் கையில் நகல் வேண்டும் என்றது இதற்குத்தான். உங்கள் வால்யூம் ஒன்று 50 ஜிபி என்பதால் ஒரு ஃபுல்லுக்கு 60 வால்யூம். ஒரு ஃபுல்லின் முதல் வால்யூமை நீக்கும்போது வெகுநேரம் அசையாமல் நிற்கும், 50, 60 லட்சம் வரியை அழிக்கிறது. மீதி வால்யூம்கள் நொடியில் போகும். பயந்து நடுவில் நிறுத்தாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு ஃபுல் மட்டும், ஒவ்வொன்றுக்குப் பிறகும் காலி இடத்தைப் பாருங்கள். ஒரு ஃபுல்லின் கடைசி வால்யூமிலேயே அடுத்த நாள் இன்க்ரிமென்டலும் தொடங்கியிருக்கலாம். எனவே இன்னும் நாஸில் இருக்கும் மிகப் பழைய ஃபுல்லுக்கு முந்தைய நான்கைந்து வால்யூம்களை மட்டும் விட்டுவைத்து, அவற்றில் எந்த வேலை இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

39 ஃபுல்லையும் நீக்கிய பிறகு டேட்டாபேஸ் அளவைப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். அதே 71 ஜிபி. போஸ்ட்கிரெஸ் ஒரு வரியை அழித்தால் அது இருந்த இடத்தைக் காலி என்று குறித்துக்கொள்ளும், தானாக ஓடும் ஆட்டோவேக்கம் வந்து மறுபடி பயன்படுத்தலாம் என்று பதிவு செய்யும். ஆனால் ஃபைலைச் சுருக்கி உபுண்டுவிடம் திருப்பிக் கொடுக்காது. வாரம்தோறும் 1.8 ஜிபி வந்து 1.8 ஜிபி போகும் டேட்டாபேஸுக்கு இதுவே சரியான நடத்தை, உள்ளேயே சுழன்றுகொள்ளும். உங்கள் விஷயத்தில் மிஞ்சப் போவது 8 ஜிபி அளவுதான், 60 ஜிபிக்கு மேல் காற்று. அதனால் இந்த ஒருமுறை மட்டும் உங்கள் நண்பர் சொன்ன வேக்கம் ஃபுல்லை, ஃபைல் டேபிளுக்கு மட்டும் போடலாம்.

ஏன் முதலிலேயே போடக்கூடாது என்றேன்? வேக்கம் ஃபுல் இருக்கும் இடத்திலேயே சுருக்குவதில்லை. டேபிளைப் புதிதாக முழுக்க எழுதி, முடிந்த பிறகுதான் பழையதை அழிக்கும். இன்றைக்குப் போட்டால் அறுபத்து சொச்சம் ஜிபிக்குப் புது நகல் எழுத முயலும், உங்களிடம் இருப்பது 7. வரிகளை நீக்கிய பிறகு போட்டால் புது நகல் 8 ஜிபி. அந்தக் கேடலாக் நகலை நாஸுக்கு நகர்த்தியிருப்பதால் 35 ஜிபி காலியாக இருக்கும், தாராளம். இந்த வரிசையை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பல வருஷம் முன்பு கடலூரில் ஒரு நிறுவனத்தில் ராத்திரி பத்து மணிக்கு இதே வேக்கம் ஃபுல்லை முதலில் போட்டுவிட்டு மஞ்சக்குப்பத்தில் வீட்டுக்கு வந்து தூங்கினேன். நடுராத்திரியில் டிஸ்க் நிரம்பி டேட்டாபேஸ் நின்றது, அன்றைய பேக்கப் எதுவும் ஓடவில்லை. காலையில் அவர்கள் போன் செய்தபோது நான் சொன்ன காரணத்தை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. ஓடும் நேரம் முழுக்க டேபிள் பூட்டப்பட்டிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். பேக்கப் ஓடாத பகல் நேரம்தான் சரி. குறித்த நேரத்தில் தானாக ஓடவைக்கும் க்ரானில் வாராவாரம் போட்டுவைக்க வேண்டாம்.

அமைப்பில் மாற்ற வேண்டியது அதிகமில்லை. வாராந்தர பூலுக்கு வால்யூம் ரிடென்ஷன் 27 நாள், ரீசைக்கிளும் (பழைய வால்யூமை மறுபடி பயன்படுத்துவது) ஆட்டோபுரூனும் (காலம் முடிந்த வரிகளைத் தானாக நீக்குவது) எஸ், வால்யூம் எண்ணிக்கைக்கு 300 என்று வரம்பு. கிளையன்டில் (பேக்கப் எடுக்கப்படும் கம்ப்யூட்டருக்கான பகுதி) ஃபைல், ஜாப் ரிடென்ஷனை 60 நாளுக்கு இறக்குங்கள். அப்புறம் நாஸ் நிறையாது. பழைய வால்யூமின் மேலேயே பாக்குலா எழுதும், எழுதுமுன் ஏட்டிலிருந்தும் அதுவே அடித்துவிடும், உங்கள் கை தேவைப்படாது. ஒன்று மட்டும் பலர் மறப்பார்கள். பூலில் மாற்றியது இனி வரும் வால்யூம்களுக்குத்தான் பொருந்தும். ஏற்கெனவே இருக்கும் 263-க்கும் பொருந்த வேண்டுமானால் பிகன்சோலில் அப்டேட் போட்டு, பூலில் உள்ள எல்லா வால்யூமுக்கும் என்று தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஐந்து வருஷத்துக்கு என்ன செய்வது? டாக்டர் கேட்டது நியாயம்தான், ஆனால் வாராந்தர ஃபுல்லால் அதைத் தர முடியாது. போன வருஷம் எடுத்த ஸ்கேன் இனி மாறப் போவதில்லை. அதைப் போய் வாரம்தோறும் ஏன் மறுபடி மறுபடி எடுக்க வேண்டும்? உங்கள் படங்கள் வருஷ வாரியாக அடைவுகளில் இருக்கின்றன என்று தெரிகிறது, நல்ல பழக்கம். முடிந்துபோன வருஷங்களை வாராந்தர ஃபைல்செட்டிலிருந்து (எதையெல்லாம் எடுக்க வேண்டும் என்ற பட்டியல்) விலக்கி, அவற்றுக்குத் தனி வேலை, தனி பூல், ஐந்து வருஷ ரிடென்ஷன் என்று வைத்து, கழற்றி எடுக்கக்கூடிய இரண்டு டிஸ்கில் இரண்டு நகல் எடுங்கள். ஒவ்வொரு நோயாளியின் அடைவையும் ஒரே டார் ஃபைலாகக் கட்டி எடுத்தால் 640 வரி ஒரு வரியாகும். பெயரில் தேதியும் ஸ்கேன் எண்ணும் இருந்தால் தேடி எடுக்கவும் சிரமமில்லை. ஃபைல்செட்டை மாற்றினால் அடுத்த இன்க்ரிமென்டல் தானாக ஃபுல்லாக ஓடும், அதனால் சனிக்கிழமை இன்க்ரிமென்டல் முடிந்த பிறகு, ஞாயிறு ஃபுல்லுக்கு முன்னால் மாற்றுங்கள்.

அந்த இரண்டு டிஸ்கில் ஒன்று கட்டடத்துக்கு வெளியே போக வேண்டும். கடலூர் கிளைக்கு அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், அனுப்பலாம். ஆனால் தரைத்தளத்தில் வைக்க விடாதீர்கள். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் வந்தபோது உங்கள் ஊரில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ரெயின்போ நகர் பக்கம் படகு விட்டார்கள். மழை விட்டு இரண்டு நாள் கழித்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூரில் பல இடம் மூழ்கியது. 25 கிலோமீட்டர் தள்ளி வைத்தாலும் அதே புயல் இரண்டு ஊரையும் தேடி வரும். மாடியில், பீரோவில், நீர் புகாத டப்பாவில் வையுங்கள்.

கேடலாக் பேக்கப் வேலை ஆறு நாளாக ஏன் நிற்கிறது என்பதை அந்தப் படத்திலிருந்து என்னால் சொல்ல முடியவில்லை. அதன் முழு வேலை அறிக்கையை அனுப்புங்கள். கேடலாக் போனால் பாக்குலாவின் பிஸ்கேன் என்ற கருவியைக் கொண்டு வால்யூம்களைப் படித்து மறுபடி உருவாக்கலாம், உண்மைதான். ஆனால் 60 லட்சம் ஃபைலுக்கு அந்த வேலையைச் செய்ய யாருக்கும் பொறுமை இருக்காது.

எல்லாம் முடிந்ததும், மூன்று வாரம் முந்தைய தேதியில் ஏதாவது ஒரு நோயாளியின் அடைவை வேறு இடத்தில் மீட்டு, படிக்கும் மென்பொருளில் திறந்து ரேடியாலஜிஸ்ட்டிடம் காட்டுங்கள். வால்யூம் எண்ணும் ஆன நேரமும் எழுதி அனுப்புங்கள். படம் எடுத்து அனுப்பும்போது நோயாளிகளின் பெயரை மறைத்துவிடுங்கள். இந்த முறை அனுப்பியதில் மூன்று பேரின் பெயர் தெளிவாகத் தெரிந்தது, நான் அழித்துவிட்டேன்.